பப்களில் புகைத்தடை: சமூக உறவுகளில் என்ன மாறியது?

நிலவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணியிடங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய புகைத்தடையை நாடு முழுவதற்குமாக முதன்முதலில் கொண்டுவந்தது அயர்லாந்து. 2004 மார்ச் 29 முதல் அங்குப் பப் எனப்படும் மதுக்கூடங்களுக்குள் யாரும் புகைக்க இயலாமல் போயிற்று. 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்தும், 2007 ஏப்ரலில் வேல்ஸும் வட அயர்லாந்தும், அதே ஆண்டு ஜூலை 1 அன்று இங்கிலாந்தும் அவ்வழியே சென்றன. இத்தடையால் உடல்நலம் எவ்வளவு மேம்பட்டது என்பதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். சமூகவியல் முதுகலைப் படிப்புக்காக நான் எழுதவிருக்கும் ஆய்வேடு வேறொன்றை அறிய விரும்புகிறது. நூற்றாண்டுகளாக ஊரார் கூடிப் பேசும் இடமாக இருந்துவந்த பப்பிலிருந்து புகையை வெளியேற்றியபோது, அதோடு சேர்ந்து மனிதர்களும் வெளியேறினார்களா? வெளியேறினார்கள் என்றால் அவர்கள் யார், அவர்களுடைய இடத்துக்கு வந்தவர்கள் யார்? பப்பில் புகைக்க முடியாதவர்கள் வீட்டில் குழந்தைகளின் நடுவே புகைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அன்று பலரும் அஞ்சினார்களே, அது நடந்ததா? பப்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சட்டமே காரணம் என்று இன்றும் சொல்லப்படுவது எந்த அளவுக்கு உண்மை? அந்நாட்களை நேரில் கண்டவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கயல்விழி எழுதியது:

நிலவன், தடைக்கு முன்பும் பின்பும் வட இங்கிலாந்தில் ஒரு பப்பில் கவுண்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவள் நான். வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஊழியர்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனென்றால் இந்தச் சட்டம் பிறந்ததே அவர்களுக்காகத்தான். இதை வாடிக்கையாளருக்கு நல்லொழுக்கம் கற்பிக்க வந்த சட்டம் என்று எண்ணிக்கொண்டு ஆய்வைத் தொடங்கினால் தொடக்கமே கோணலாகிவிடும்.

அந்த வேலை எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். மேசையில் நிறைந்து கிடக்கும் சாம்பல் கிண்ணத்தை அப்படியே எடுக்கக் கூடாது. சுத்தமான இன்னொன்றை அதன்மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கிய பிறகு மேலிருந்ததை மேசையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் பறந்து யாராவது ஒருவருடைய கோப்பையில் விழும். பப்பை மூடிய பின் அந்தக் கிண்ணங்களையெல்லாம் சிறிய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைப்போம். சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினால் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகவும் சுற்றிலும் பழுப்பேறியும் இருக்கும். அதே காற்றைத்தான் ஒவ்வொரு ஷிப்டிலும் எட்டு மணி நேரம் நாங்கள் சுவாசித்தோம். வாடிக்கையாளர் வேண்டாமென்றால் எழுந்து போய்விடலாம், நாங்கள் போக முடியாது. தடைக்குப் பிறகு அயர்லாந்தில் புகைக்காத பார் ஊழியர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, நிகோட்டின் உடலுக்குள் சென்றதைக் காட்டும் கோட்டினின் 80 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே ஒரு சட்டத்தால் பணியாளரின் உடலில் இவ்வளவு பெரிய மாற்றம் நிகழ்ந்ததற்கு வேறு எடுத்துக்காட்டுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் ஆய்வுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஒரு செய்தி பிரித்தானிய நாடாளுமன்ற வரலாற்றில் இருக்கிறது. உணவு பரிமாறாத பப்களுக்கும், உறுப்பினர்கள் மட்டும் கூடி மது அருந்தும் சங்கங்களுக்கும் விலக்களிப்பதாகவே ஆளும் தொழிற்கட்சி 2005 தேர்தல் அறிக்கையில் சொல்லியிருந்தது. ஆனால் உணவு பரிமாறாத பப்கள் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்கள் வாழும் பகுதிகளில்தான் இருந்தன. அந்த விலக்கு நிலைத்திருந்தால், ஏற்கனவே உடல்நலம் குன்றியிருந்த பகுதிகளின் ஊழியர்கள் மட்டும் புகைக்குள்ளேயே விடப்பட்டிருப்பார்கள். உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாடின்றி வாக்களித்த 2006 பிப்ரவரி 14 அன்று, விலக்கு எதுவுமில்லாத முழுத் தடை 384க்கு 184 என்ற கணக்கில் வென்றது. ஆக, இதில் வர்க்கப் பிரச்சினையும் இருக்கிறது. ஆனால் அதை வாடிக்கையாளரின் இருக்கையிலிருந்து மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

முத்துக்குமரன் எழுதியது:

கயல்விழி அவர்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஊழியர்களைக் காப்பதற்கு அந்தச் சட்டம் தேவைதான். இருப்பினும் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி அத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் குரலற்றவர்கள் என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனையில் இருந்த பப்பில் சமையலறை கிடையாது, பின்கட்டும் கிடையாது. கதவைத் திறந்தால் நடைபாதைதான். பகல் நேரங்களில் அங்கு வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். அவர்களில் பலர் மனைவியை இழந்தவர்கள், ஒரு பைன்ட் பியரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தை ஓட்டுகிறவர்கள். புகைப்பவர் வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்பலாமே என்று சட்டம் சொன்னது. எழுபது வயதைக் கடந்து, கைத்தடியும் மூச்சிரைப்பும் உள்ள ஒருவர் ஜனவரி மழையில் எத்தனை முறை எழுந்து போய்விட்டு வருவார்? ஒதுங்குவதற்குக் கூரை போடுவதிலும் கட்டுப்பாடு இருந்தது: சுவர்களில் குறைந்தது பாதியளவாவது திறந்திருந்தால்தான் அது வெளியிடமாகக் கருதப்படும். இட வசதியும் பண வசதியும் உள்ள பப்கள் அதற்கேற்பக் கொட்டகை கட்டி, ஹீட்டர் வைத்து, தோட்டத்தையும் அழகுபடுத்திக்கொண்டன. தெருமுனைப் பப்புக்கு நடைபாதையைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் பெரியவர்கள் யாரோடும் சண்டை போடவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பியர் கேன்களை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பப்பில் குடித்த காலத்தில், இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கதவைத் தட்டிப் பார்க்கவாவது ஆள் இருந்தது.

மூடப்பட்டதற்கான காரணத்தைப் பற்றி: புகைத்தடை ஒன்றே காரணம் என்பது மிகைதான். 2008இல் பொருளாதாரம் சரிந்தது. அதே ஆண்டில்தான் பியர் மீதான தீர்வையை ஆண்டுதோறும் பணவீக்கத்தைவிட இரண்டு விழுக்காடு கூடுதலாக உயர்த்தும் ஏற்பாடும் தொடங்கியது. 2013 வரை அது நீடித்தது. பப்புக்கும் கடைக்கும் இடையிலான விலை வேறுபாடோ நெடுங்காலமாகவே பெருகிவந்தது. பப்களின் எண்ணிக்கையும் சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தேயத் தொடங்கியிருந்தது. எனவே உணவு விற்ற பப்களையும் மதுவை மட்டும் விற்ற பப்களையும் பிரித்துப் பாருங்கள். புகை நீங்கியதும் முன்னவற்றுக்குக் குடும்பங்கள் வரத் தொடங்கின, தள்ளாடிக்கொண்டிருந்த பின்னவற்றுக்குத் தடை கடைசி உந்தலாக அமைந்தது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டு கதைகளுமே மறைந்துபோகும்.

தாமரை எழுதியது:

நான் செவிலியர். வீட்டுக்குள் புகை இடம்பெயரும் என்ற அச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் தடைக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 11 வயதுள்ள, புகைக்காத பள்ளிக் குழந்தைகளின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். கோட்டினின் அளவு சராசரியாக 39 விழுக்காடு குறைந்திருந்தது. தடைக்கு முன் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு அளவில் ஏறிக்கொண்டிருந்த, ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை தடைக்குப் பின் இறங்குமுகமாயிற்று. வீட்டில் புகை கூடியிருந்தால் இவை எதிர்த்திசையில் சென்றிருக்கும். பப்பில் எழுந்து வெளியே போய்ப் பழகியவர்கள் வீட்டிலும் பின்கதவைத் திறந்து வெளியே போகத் தொடங்கினார்கள் என்பதே நான் கண்ட வரையில் சரியான விளக்கமாகத் தோன்றுகிறது. பிறர் இருக்கும் அறையில் பற்றவைக்கக் கூடாது என்ற மரியாதை, அபராதத்துக்கு அஞ்சிய இடங்களோடு நின்றுவிடவில்லை. ஆனால் பெற்றோர் இருவரும் புகைக்கும் வீடுகளில் குழந்தைகளுக்குக் கிடைத்த பயன் மிகக் குறைவு என்பதையும் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செந்தில்வேலன் எழுதியது:

பப்புக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர்களையும் மறந்துவிட வேண்டாம். 2007க்கு முன் சுவருக்குள் அடங்கியிருந்த பேச்சும் சிரிப்பும் இரவு பதினொரு மணிக்கு எங்கள் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே வந்து நின்றன. காலையில் பார்த்தால் நடைபாதைக் கற்களின் இடுக்கெல்லாம் சிகரெட் துண்டுகள். உள்ளாட்சி மன்றத்துக்கு முறையிட்டோம்; குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் கோப்பையோடு வெளியே வரக்கூடாது என்று உரிமத்தில் நிபந்தனை சேர்த்த பிறகுதான் ஓரளவு தணிந்தது.

கயல்விழி எழுதியது:

முத்துக்குமரன் ஐயா சொல்லும் பெரியவர்கள் எங்கள் பப்பிலும் இருந்தார்கள். அவர்கள் வராமல் போனது எனக்கும் வருத்தம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நெஞ்சுவலியோ ஆஸ்துமாவோ இருந்ததால் அதுவரை உள்ளேயே வரமுடியாதிருந்த பெரியவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். அவர்கள் வராததை யாரும் இழப்பாகக் கணக்கிட்டதில்லை.

பெண்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் இதையும் சேர்க்கிறேன். புகைப்பதற்காக வாசலில் ஒன்றுகூடியவர்களிடையே புது நட்புகள் உருவாயின, நெருப்புக் கேட்பதில் தொடங்கிய காதல்களும் உண்டு. அதே வேளையில், புகைக்கும் பெண் ஒருத்தி தன் கோப்பையை உள்ளே மேசையில் விட்டுச் செல்ல அஞ்சினாள். அதில் யாராவது எதையாவது கலந்துவிடக் கூடும். நள்ளிரவில் வாசலில் தனியாக நிற்பதற்கும் தயங்கினாள். தோழி புகைக்காதவளாக இருந்தால் அவளும் துணைக்கு எழுந்து போவாள், மேசை காலியாகும். கோப்பையைக் கவுண்டரில் என்னிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது.

நிலவன் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மதுவை மட்டும் விற்ற பப்களையும் உணவு விற்ற பப்களையும் தனித்தனியாக எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன். முத்துக்குமரன் ஐயா, ஒரு சிக்கல் இருக்கிறது: வருவதை நிறுத்திவிட்டவர்களைப் பப்பில் போய்த் தேட முடியாதே, அவர்களை எப்படிச் சந்திப்பது?

முத்துக்குமரன் எழுதியது:

வெள்ளிக்கிழமை மாலையில் போகாதீர்கள் தம்பி. அப்போது கூட்டம் நிறைந்திருக்கும், எதுவுமே மாறாதது போலத் தோன்றும். வார நாள் பிற்பகலில், இன்னும் மூடப்படாமல் இருக்கும் ஒரு தெருமுனைப் பப்பில் போய் உட்காருங்கள். அந்நேரத்தில் அங்கிருக்கும் இரண்டு மூன்று பேரிடம், தங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்வார்கள், வீடும் காட்டுவார்கள். அவர்களில் சிலர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடமும் பேசுங்கள். இன்னொன்று: பப் தோட்டங்களிலும் புகைக்கத் தடை விதிப்பது பற்றி 2024 ஆகஸ்டில் பேச்சு எழுந்து, நவம்பருக்குள் அரசு அதைக் கைவிட்டதே, அப்போது பப் நடத்துவோர் முன்வைத்த வாதங்களை 2006இல் சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது அப்படியே திரும்பி வந்தது, எது காணாமல் போனது என்பதிலேயே ஓர் இயலுக்கு வேண்டிய செய்தி இருக்கும்.