வட்டக்கானல் – வெள்ளகவி இறக்கத்துக்கு எந்த பூட்ஸ்? முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி

நடைக்காரி:
வணக்கம். ஜனவரியில் நானும் தங்கையும் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கலாம் என்று இருக்கிறோம். டால்பின் நோஸ் வரை ஏற்கெனவே போயிருக்கிறேன். வேர் பின்னிக் கிடக்கிற அந்தப் பாதையும், பாறை விளிம்பில் நிற்கும்போது மேகம் சட்டென்று விலகிப் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி கீழே விரிகிறதும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, அதனால் இந்தத் தடவை முழுசாக இறங்கிவிட வேண்டும். பிரச்சினை கால்தான். என் சைஸ் ஷூ போட்டால் சுண்டுவிரல் நசுங்குகிறது, ஒரு சைஸ் கூட்டினால் குதிகால் தூக்கிக்கொண்டு வருகிறது. கணுக்காலை மூடுகிற பூட்ஸ்தான் வேண்டுமா, சாதாரண ட்ரெக்கிங் ஷூ போதுமா? பட்ஜெட் 5,000 ரூபாய்.

அடிவாரத்தான்:
எனக்குப் பெரியகுளம்தான். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், கும்பக்கரை மலை அடிவாரத்தில் இருக்கிறது, அதனால் அந்த வழி முழுக்க இறக்கம்தான். மூச்சு வாங்காது, முழங்காலும் விரல் நகமும்தான் பாடுபடும். வெள்ளகவி ரொம்ப காலமாக ரோடு இல்லாத மலைக்கிராமம், சாமான் எல்லாம் குதிரையில்தான் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், ஊரே கோயில் மாதிரி அவர்களுக்கு. நீங்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், அதனால் சீக்கிரம் கழற்றி மாட்டுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிய விபத்துக்கு அப்புறம் கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட.

கடைப்பையன்:
நான் ட்ரெக்கிங் சாமான் விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன், உங்களை மாதிரி கால் தினமும் வரும். நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள். சில கம்பெனிகள் ஒரே சைஸிலேயே 'வைட்' என்று தனியாகப் போடுகிறார்கள், பெண்கள் பிரிவில் கிடைக்காவிட்டால் ஆண்கள் மாடலைப் போட்டுப் பாருங்கள், முன்பக்கம் அகலமாக இருக்கும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகிற அதே தடி சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அப்புறம் லேஸை இறுக்கிக் கட்டிச் சரிவுப் பலகையிலோ படிக்கட்டிலோ இறங்கிப் பாருங்கள், கட்டைவிரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஜோடி வேண்டவே வேண்டாம். நாள் முழுக்க இறங்கினால் அந்த நகம் கறுத்துவிடும்.

குதிகால் தூக்குவதற்கு லேஸிலேயே வழி இருக்கிறது. பாதத்தின் மேல்பகுதியைத் தளர்வாக விட்டு, கணுக்கால் மடங்குகிற இடத்தில் இரண்டு லேஸையும் ஒன்றோடொன்று இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள், அதற்கு மேல் வழக்கம்போலக் கட்டலாம். விரலுக்கு இடம் கிடைக்கும், குதிகாலும் அசையாது.

சோலைவாசி:
பூட்ஸ் கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. பை கனமாக இருந்தால், கணுக்கால் ஏற்கெனவே சுளுக்கியிருந்தால் பூட்ஸ் வாங்குங்கள். ஒரு நாள் நடைக்குச் சோல் நன்றாகப் பிடிக்கிற ஷூ போதும், மிச்சப் பணத்தில் இரண்டு ஊன்றுகோல் வாங்கினால் முழங்கால் தப்பிக்கும். வாட்டர்ப்ரூஃப் என்று கூடுதலாகக் கொடுக்காதீர்கள், மேல்வழியாகத் தண்ணீர் போய்விட்டால் அது லேசில் காயாது. வீட்டில் பல வருஷமாகக் கிடக்கிற பழைய ஜோடி இருந்தால் அதை நம்ப வேண்டாம், போடாமல் வைத்திருந்தாலும் சோல் உள்ளுக்குள் உதிர்ந்து வழியிலேயே கழன்றுவிடும்.

நடைக்காரி:
ரொம்ப நன்றி. செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது தெரியாது, நல்லவேளை சொன்னீர்கள். ஜனவரியில் அட்டை இருக்குமா?

அடிவாரத்தான்:
மழை நின்று தரை காய்ந்திருந்தால் குறைவு. சோலைக்குள் ஈரமான இடங்களில் இருக்கும், லேஸ் ஓட்டை வழியாகக்கூட ஏறும். அட்டை சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கி முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். புது ஷூவை நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள், டிசம்பரிலேயே வாங்கித் தினமும் போட்டு நடங்கள்.