அன்ரிஒக்சிடன்ற்: எதிரியா, தடுப்பியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாங்கள் ஆயத்தப்படுத்தும் வல்லாரைக் கட்டுரையில் அன்ரிஒக்சிடன்ற், அதாவது ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள், என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்பதே கேள்வி. 'எதிர் ஆக்சிகரணி' போதும் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். அன்ரிபொடியை 'பிறபொருளெதிரி' என்று பள்ளியில் படித்த வழியிலே 'ஒட்சியெதிரி' என்று வைக்கலாமே என்றார் வவுனியாத் தங்கை. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

எதிரி என்றதும் ஒட்சிசனோடு போய் மோதும் பொருள் என்ற எண்ணம் வரும். நடப்பது வேறு. வல்லாரை இலையிலுள்ள பீனோல் வகைச் சேர்வைகள் தங்கள் ஐதரசனையோ இலத்திரனையோ சுயாதீன மூலிகத்துக்கு (சோடி சேராத இலத்திரன் கொண்ட துணிக்கைக்கு) கொடுத்துவிட்டு, தாங்களே ஒட்சியேறிக்கொள்கின்றன. பக்கத்தில் இருந்த கொழுப்பு தப்புகிறது, சங்கிலித் தாக்கம் அத்தோடு நிற்கிறது. ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிபிபிஎச் என்பது நிலைத்து நிற்கக்கூடிய ஒரு சுயாதீன மூலிகம். மெதனோலில் கரைத்தால் கடும் ஊதா நிறம். இலையிலிருந்து பிரித்த சாற்றை அதில் விட்டால் ஊதா மங்கி இளமஞ்சளாகிவிடும். 517 நனோமீற்றரில் ஒளியுறிஞ்சல் எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள்.

இலத்திரன் கொடுப்பது தாழ்த்தி அல்லவா, அப்படியே சொன்னால் என்ன என்று கேட்கலாம். சோடிய உலோகமும் வலிய தாழ்த்திதான், அதை யாரும் மருந்துக் குணமுள்ளது என்று சொல்லமாட்டார்கள். ஆகவே அந்தச் சொல் இங்கே மிக அகலம். நான் முன்வைப்பது 'ஒட்சித்தடுப்பி'. இதிலிருந்து ஒட்சித்தடுப்பு இயல்பு, ஒட்சித்தடுப்பாற்றல் என்று சொற்கள் தடையின்றிக் கிளைக்கின்றன. எதிரியிலிருந்து இப்படிக் கிளைக்கப் பார்த்தால் வாய் இடறுகிறது. உடம்புக்கு வெளியேயும் இந்தச் சொல் நிற்கும். நல்லெண்ணெய் மற்றப் பல எண்ணெய்கள் மாதிரிக் கெதியில் காறிப்போவதில்லை. அதிலுள்ள செசமோல் போன்ற சேர்வைகள்தான் காரணம். அவையும் ஒட்சித்தடுப்பிகளே.

ஆங்கிலச் சொல்லையே வைத்திருக்கலாம் என்போருக்கும் ஒன்று சொல்லவேண்டும். மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர், 1875இல் வந்த தம் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். கடன் வாங்குவதில் குறை இல்லை. 'ஒட்சி' என்ற அடியும் கடன்தானே. பொருளின் பெயரைக் கடனாக எடுத்து, அது செய்யும் வேலையைத் தமிழில் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தமிழ்நாட்டார் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி' என்று எழுதினாலும் பின்பாதி இரண்டு கரைக்கும் பொதுவாகவே இருக்கும்.

மூலிகம் பற்றிய கவலை பெரியது. எங்கள் இலங்கைப் பாடநூல் வழக்கில் மூலிகை, மூலிகம், மூலகம் (தமிழ்நாட்டில் தனிமம்) மூன்றும் ஒரே கட்டுரையில் வந்து நிற்கும். 'மூலிகையின் மூலகங்களும் மூலிகம் அகற்றும் ஆற்றலும்' என்று எழுதினால் முதலாம் வருடப் பிள்ளை எதைப் பிடிப்பது? சுயாதீன மூலிகத்துக்குத் தமிழ்நாட்டார் சொல்லும் 'தனி உறுப்பு' மருத்துவக் கட்டுரைக்கு அதைவிடச் சிக்கல், ஈரலும் சிறுநீரகமும் உறுப்புத்தானே. அதனால் 'சுயாதீன மூலிகம்' என்று எங்கும் முழுதாகவே எழுதுவோம், சுருக்கவேண்டாம்.

அடுத்தது கனியுப்பு, அதாவது மினரல். சாப்பாட்டைப் பற்றிய எழுத்தில் அது நன்றாக ஊன்றிவிட்ட சொல், மாற்றத் தேவையில்லை. ஆனால் எங்கள் கட்டுரையின் அட்டவணைத் தலைப்பில் அது பொருந்தாது. இலையை உலர்த்தி, 550 பாகை செல்சியஸ் அளவில் உலையில் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து அளக்கும்போது கிடைப்பது பொற்றாசியம், கல்சியம், இரும்பு, நாகம் (துத்தநாகம்) என்ற மூலகங்களின் அளவு. அவை இலையில் எந்த உப்பாக இருந்தன என்று அந்த அளவீடு சொல்லாது. அங்கே 'கனிமூலக அளவு' என்று போடுவோம். அப்புறம், இலையைக் கழுவிய தண்ணீரையும் கட்டுரையில் குறிப்பிடவேண்டும். எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வன்னீர், அதாவது கல்சியம் கூடிய கடினநீர். அதில் கழுவிய இலையில் கல்சியம் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் கடைசியாக அலசினால்தான் அளந்த அளவை நம்பலாம்.

கனிமூலகங்களையும் ஒட்சித்தடுப்பிகள் என்ற பட்டியலில் சேர்த்திருந்த வரியை எடுத்துவிடும்படி கேட்கிறேன். நாகம், செப்பு, மங்கனீசு போன்றவை ஒட்சித்தடுப்பு நொதியங்கள் (என்சைம்கள்) வேலைசெய்யத் தேவை, அது உண்மை. ஆனால் கட்டற்ற இரும்பு அயனும் செப்பு அயனும் ஐதரசன் பெரொட்சைட்டிலிருந்து சுயாதீன மூலிகங்களைப் பிறப்பிக்கக்கூடியவை. 'நொதியத் துணை மூலகங்கள்' என்று தனியாக எழுதினால் பிழையில்லை.

ஐசி50க்கு, அதாவது சுயாதீன மூலிகங்களில் பாதியை அடக்கத் தேவையான சாற்றின் செறிவுக்கு, 'அரைத்தடுப்புச் செறிவு' என்கிறேன். எண் குறையக் குறைய ஆற்றல் கூடும் என்பதை முதல் இடத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிடவேண்டும், பலர் தலைகீழாக வாசிக்கிறார்கள். கட்டுரை கைதடியில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் கைக்குப் போகப்போகிறது. மறுப்பு இருப்பவர்கள் அதற்கு முன் எழுதுங்கள், முக்கியமாக 'கனிமூலகம்' பற்றி. அதில் எனக்கே முழு நிறைவு இல்லை.