சென்னை ஏரிகள் 2050: வீப் மாடலில் பற்றாக்குறையே வரவில்லை, எங்கே தப்பு?

பூண்டிமதகு:
சென்னைக் குடிநீருக்கு வீப் (WEAP, நீர் வரவு–செலவைக் கணக்கிடும் மென்பொருள்) மாடலை மாதக் கணக்கில் ஓட்டுகிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் சேர்த்துக் கொள்ளளவு 11,257 மில்லியன் கனஅடி. தேவை, தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். மழைக்கு சிஎம்ஐபி6 (CMIP6) என்ற உலகக் காலநிலை மாடல் தொகுப்பில் எட்டு மாடல்களின் சராசரி, எஸ்எஸ்பி2-4.5 (நடுத்தர உமிழ்வுக் காட்சி). கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டிஎம்சி. 2050 வரை ஒரு வருடம்கூடப் பற்றாக்குறை இல்லை என்கிறது. 2019-இல் நான்கும் வற்றினவே?

வடகிழக்கு:
சராசரி எடுத்ததுதான் வினை. ஒரு காலநிலை மாடலில் 2031 வறட்சி, இன்னொன்றில் அதே ஆண்டு வெள்ளம். கூட்டி வகுத்தால் இரண்டும் காணாமல் போகும். சென்னை தவிப்பது பருவமழை கிட்டக்கிட்டப் பொய்க்கும்போது. 2016-இலும் 2018-இலும் பொய்த்தது, 2019-இல் ஏரி காய்ந்தது. எட்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள்.

இந்திய வானிலைத் துறையின் 0.25 டிகிரி தினசரி மழைத் தரவை வைத்துக் குவான்டைல் மேப்பிங் (மாடல் மழையின் பரவலைப் பதிவான மழையின் பரவலோடு பொருத்தும் திருத்தம்) செய்யுங்கள். ஜூன்–செப்டம்பருக்கு ஒன்று, அக்டோபர்–டிசம்பருக்கு ஒன்று. காலநிலை மாடல்கள் தூறல் நாட்களை அள்ளிக் கொட்டும். மழைநாள் எண்ணிக்கையை முதலில் பதிவோடு பொருத்தாவிட்டால் அத்தனையும் மண்ணிலேயே சுவறிவிடும், ஏரிக்கு வரத்து இருக்காது.

கலங்கல்:
12 டிஎம்சி ஒப்பந்தக் கணக்கு. ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட்டில் (கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம்) உண்மையில் வந்ததைப் போடுங்கள். எதிர்காலத்துக்குக் கிருஷ்ணாப் படுகை மழையையும் அதே காலநிலை மாடலின் அதே ஓட்டத்திலிருந்து எடுங்கள். அங்கே தென்மேற்கும் இங்கே வடகிழக்கும் ஒரே ஆண்டில் ஏமாற்றுவதுதான் பெரிய ஆபத்து.

செம்பரம்பாக்கம் 24 அடி, 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அந்த வேகத்தில் ஒரு நாள் ஓடினால் சுமார் 2,500 மில்லியன் கனஅடி போய்விடும். மாதக் கணக்கு அந்த அவசரத்தைப் பார்க்காது. அக்டோபர்–டிசம்பரைத் தினசரியாக ஓட்டுங்கள். வீப்பில் 'டாப் ஆஃப் கன்சர்வேஷன்' (வெள்ளத்துக்கு இடம் விட்டுச் சேமிக்கும் உச்ச அளவு) மதிப்பை 22 அடிக்கான கொள்ளளவில் வையுங்கள். கொள்ளளவு–மட்ட வளைவு (எந்த நீர்மட்டத்தில் எவ்வளவு நீர் என்ற கணக்கு) கொடுத்தீர்களா? அது இல்லாமல் வீப்பால் ஆவியாதலைக் கணக்கிட முடியாது. ஆழமில்லாத ஏரிகளுக்கு ஆவியாதல் பெரிய இழப்பு.

பூண்டிமதகு:
வளைவு கொடுக்கவில்லை. தேவைக் கணக்கு சரியா?

வடகிழக்கு:
135 வீட்டுக்கு மட்டும். கசிவுக்கு 15 சதவீதமாவது, வணிகம், தொழிற்சாலை தனியாக. மீஞ்சூர் 100, நெம்மேலி 100, 150 எம்எல்டி (நாளொன்றுக்கு மில்லியன் லிட்டர்) கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை மழையோடு சேராத தனி மூலமாக, தொடங்கிய ஆண்டோடு வையுங்கள். வீட்டுக் கிணறும் டேங்கர் லாரியும் கடைசி முன்னுரிமை. முதலில் 2015–2019 ஓட்டுங்கள்: 2019 ஜூனில் மாடலிலும் ஏரி வற்ற வேண்டும்.