திருவொற்றியூரில் கார் ஷெட்டுக்குப் பாதுகாப்பு: ஆலோசனை வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டிய தெருவில் உள்ள எங்கள் கார் ஷெட்டில், வாகனத்துடன் என் கணவரின் மின்வேலைக் கருவிகளும் இருப்பதால், அதைத் திருடர்களிடமிருந்து காப்பதற்கு உங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன். அண்மையில் பக்கத்துத் தெருவில் ஒரு ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பி, உள்ளே இருந்த பேட்டரியை எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

எங்கள் ஷட்டருக்கு நடுவில் மட்டுமே பூட்டு இருக்கிறது. ஓரங்களை நெம்புவது எளிது என்பதால், இரு பக்கமும் தரையில் கொண்டி பதித்துத் தனித்தனியே பூட்ட நினைக்கிறேன். ஆனால் உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் பூட்டு துருப்பிடித்து, கள்ளனைத் தடுப்பதற்கு முன் வீட்டுக்காரரைத் தடுத்துவிடுகிறது. பித்தளைப் பூட்டிலும் வளையம் பெரும்பாலும் இரும்புதான். மாலிப்டினம் கலந்த 316 ரகத் துருவேறா எஃகு உப்பை நன்றாகத் தாங்கும். அந்த ரகத்தில் பூட்டும் கொண்டியும் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கின்றனவா?

அதிர்வை உணர்ந்து ஒலிக்கும் அலாரம் எங்களுக்குச் சரிப்படாது என்றே நினைக்கிறேன்; எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவிலும் ஓடும் கன்டெய்னர் லாரிகளுக்கெல்லாம் அது அலறும். ஆகவே ஷட்டர் உயர்ந்தால் மட்டும் ஒலிக்கும் காந்த சென்சாரும், ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கும் போதுமா? மின்வெட்டின்போதும் கேமரா இயங்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?

வெளியூர் செல்லும்போது காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிடுகிறோம். வடசென்னையில் ஷட்டர் வேலையை நேர்த்தியாகச் செய்பவரை அறிந்தவர்கள், உத்தேசக் கூலியுடன் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.