கின்ஸ்டனைச் சாய்த்தது ஆறா, ஆலையா?

வழிப்போக்கன்:
அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து கடற்கரைக்குக் கிளம்பினால் இங்குள்ள நம் தமிழ் ஆட்கள் பிடிப்பது 70ஆம் எண் நெடுஞ்சாலைதான். ஒன்றரை மணி நேரம் ஓட்டியதும் கின்ஸ்டன் என்று ஒரு பலகை வரும். பத்து வருடமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். போன வாரம் பிள்ளைகள் பசி என்று படுத்தியதில் வண்டியை உள்ளே திருப்பினேன். பாதி நாள் அங்கேயே போய்விட்டது.

வட கரோலினாவின் கிழக்குப் பகுதி முழுக்கக் கடற்கரைச் சமவெளி. மேடு பள்ளம் கிடையாது. மணல் கலந்த மண், புகையிலை, சோயா, பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணை. அதன் நடுவில் நூஸ் ஆற்றங்கரையில் இந்த ஊர். லெனோர் கவுண்டியின் தலைநகர். 1762இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மரியாதையாக ‘கிங்ஸ்டன்’ என்று பெயர் வைத்தார்கள். சுதந்திரம் கிடைத்த கையோடு, 1784இல், நடுவிலிருந்த ‘ஜி’யை எடுத்துவிட்டார்கள். ராஜாவைக் கழற்றிவிட ஒரே எழுத்துதான் செலவு. ஆனால் கடைத்தெருவுக்கு இன்னும் குயின் தெரு என்றுதான் பெயர்!

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த ஊர் ஒரு சாப்பாட்டுக் கடையால் எழுந்து நின்ற ஊர். விவியன் ஹோவர்ட் இதே கவுண்டியில் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கிலிருந்து திரும்பி வந்து 2006இல் இங்கே உணவகம் திறந்தார். 2013 முதல் 2018 வரை பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியில் ஓடிய அவருடைய தொடர் நாடு முழுக்க இந்த ஊரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2009இல் மதர் எர்த் பீர் ஆலை வந்தது. பழைய வங்கிக் கட்டிடம் தங்கும் விடுதி ஆனது. செத்த ஊர் என்று சொன்னவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கணக்கன்:
அண்ணே, நல்லா சாப்பிட்டிருக்கீங்க, தெரிகிறது. ஆனால் ஊருக்கும் உணவகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

1990 கணக்கெடுப்பில் கின்ஸ்டன் மக்கள்தொகை 25,000-ஐத் தாண்டியிருந்தது. 2020இல் 20,000-க்குச் சற்றுக் கீழே. முப்பது வருடத்தில் ஐந்தில் ஒருவர் குறைந்துவிட்டார். நீங்கள் சொல்லும் உணவகமும் பீர் ஆலையும் வந்த பிறகும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அந்த உணவகமே 2022இல் மூடி, அப்புறம் சின்ன அளவில் மறுபடி திறந்தது.

ஊரைச் சாய்த்தது ஆலைகள். 1953இல் டூபான்ட் கம்பெனி அமெரிக்காவின் முதல் டாக்ரான் பாலியஸ்டர் ஆலையை கின்ஸ்டனுக்கு வடக்கே தொடங்கியது. நம் அப்பாக்கள் ‘டெரிலின் சட்டை’ என்று பெருமையாகப் போட்டார்களே, அதே நூல்தான். பிரிட்டனில் அது டெரிலின், இங்கே டாக்ரான். ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை. சுற்றிலும் சட்டை தைக்கும் ஆலைகள். இலையுதிர் காலத்தில் புகையிலை ஏலம். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. துணித் தொழில் வெளிநாட்டுக்குப் போனது. டூபான்ட் 2004இல் தன் ஜவுளி நூல் தொழிலையே விற்றுவிட்டது. அதே 2004இல்தான் யார் எவ்வளவு புகையிலை பயிரிடலாம் என்று 1930களிலிருந்து இருந்த ஒதுக்கீட்டு முறையையும் அரசு பணம் கொடுத்து முடித்துவைத்தது. கடையில் பன்றி இறைச்சி எவ்வளவு ருசி என்பது இதற்கெல்லாம் பதில் ஆகாது.

புதுசு:
ஒரு அடிப்படைச் சந்தேகம். கவுண்டித் தலைநகர் என்றால் என்ன பெரிய விஷயம்? 20,000 பேர் ஊரெல்லாம் தலைநகரா?

கணக்கன்:
மாநிலத்தை நூறு கவுண்டியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகர். நீதிமன்றம், ஷெரிஃப், பத்திரப் பதிவு, நிலவரி எல்லாம் அங்கே. ஆலை போனாலும் நீதிமன்றம் போகாது. இப்படிப்பட்ட ஊர்கள் முழுசாகச் செத்துப்போகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வக்கீல் இருப்பார், மதியச் சாப்பாட்டுக் கடை இருக்கும்.

நீர்மட்டம்:
ஆலை, ஆலை என்கிறீர்களே, ஆற்றை மறந்துவிட்டீர்கள். நான் நீர்வளத் துறையில் குப்பை கொட்டுகிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கின்ஸ்டனில் நூஸ் ஆறு 14 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று கணக்கு. 1999 செப்டம்பரில் ஃபிளாய்ட் புயலுக்கு 27.7 அடி ஏறியது. அதற்குச் சில நாள் முன்னால்தான் டென்னிஸ் புயல் மண்ணை ஊறவைத்துவிட்டுப் போயிருந்தது. நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படி என்றார்கள். பதினேழே வருடத்தில், 2016 அக்டோபரில், மேத்யூ வந்து 28.3 அடி. 2018இல் ஃபிளாரன்ஸ், மறுபடி 25 அடிக்கு மேல்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? மழை பெய்த அன்றைக்கு வெள்ளம் வராது. சமவெளி ஆறு மெதுவாக ஊர்ந்து வரும். மேத்யூ மழை பெய்தது அக்டோபர் 8. கின்ஸ்டனில் ஆறு உச்சத்தைத் தொட்டது கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்து. வானம் பளிச்சென்று இருக்கும், வெயில் அடிக்கும், தண்ணீர் வாசல்படி ஏறும். தப்பிக்க நேரம் கிடைக்கிறது, அது உண்மை. ஆனால் ஏறிய தண்ணீர் சீக்கிரம் இறங்காது. தொழில் செய்கிறவன் எத்தனை நாள் கடையை மூடிவைப்பான்?

புதுசு:
மேலே ராலே பக்கம் ஃபால்ஸ் அணை இருக்கிறதே? அதில் தேக்கிவைக்கக் கூடாதா?

நீர்மட்டம்:
எல்லோரும் கேட்கும் கேள்வி. கின்ஸ்டனுக்கு மேலே ஆற்றுக்குத் தண்ணீர் வரும் பரப்பு சுமார் 2,700 சதுர மைல். அதில் ஃபால்ஸ் அணைக்குப் பின்னால் இருப்பது 770தான். மீதி கிட்டத்தட்ட முக்கால் பங்கில் விழும் மழைக்கு அணை எதுவும் செய்ய முடியாது. அந்த முக்கால் பங்கில் நம் ராலே, பக்கத்து ஊர் கேரி இரண்டின் பெரும்பகுதியும் அடக்கம். நாம் போடும் ஒவ்வொரு தார்ச்சாலையும் வாகன நிறுத்தமும் தண்ணீரை வேகமாகக் கீழே அனுப்புகிறது. அதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

வழிப்போக்கன்:
அப்படியானால் நகரை மேட்டுக்கு நகர்த்தியிருக்கலாமே? கப்பலையே நகர்த்தியிருக்கிறார்கள்!

தெரியாதவர்களுக்கு: அமெரிக்க உள்நாட்டுப் போரில் கூட்டமைப்புத் தரப்பு, அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்கள், ‘நூஸ்’ என்று ஓர் இரும்புக் கவசக் கப்பல் கட்டியது. 1864இல் முதல் பயணத்திலேயே மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. 1865 மார்ச்சில் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று அவர்களே கொளுத்தி மூழ்கடித்தார்கள். நூறு வருடம் சேற்றில் கிடந்ததை 1963இல் வெளியே எடுத்து ஆற்றங்கரையில் வைத்தார்கள். 1996இல் ஃபிரான் புயல் வெள்ளம் அங்கேயும் வந்தது. கடைசியில் கடைத்தெருவில் கட்டிடத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். என் மகன் கேட்டான், “கப்பலுக்கே தண்ணீர் பயமா அப்பா?”

நூஸ்கரை:
இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் கின்ஸ்டனில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். செவிலியர். நீங்கள் மூன்று பேரும் ராலேயில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வழிப்போக்கன் தம்பி, “நகரை நகர்த்தலாமே” என்று கேட்டீர்களே. நகர்த்தினார்கள். ஆனால் யாரை? லிங்கன் சிட்டி என்று ஒரு பகுதி இருந்தது. தாழ்வான இடம், கறுப்பின மக்கள் தலைமுறையாக வாழ்ந்த இடம். வேறெங்கும் வாங்க விடாத காலத்தில் கிடைத்த நிலம். ஃபிரானும் ஃபிளாய்டும் வந்த பிறகு மத்திய அரசுப் பணத்தில் வீடுகளை விலைக்கு வாங்கி, இடித்து, அந்தப் பகுதியையே ஏறக்குறைய காலி செய்தார்கள். இன்றைக்குப் போனால் தெரு இருக்கும், வீடு இருக்காது. புல்லும் பெரிய மரங்களும் மட்டும். எந்த மரத்தடியில் யார் வீடு என்று என் நோயாளி ஒருவர், எண்பது வயதுக்காரர், வரிசையாகச் சொல்லுவார்.

மேத்யூ வந்தபோது அந்த இடத்தில் ஆள் இல்லை. உயிர் பிழைத்தது, சரி. நீர்மட்டம் சார் சொல்லும் கணக்கில் அது வெற்றி. ஆனால் சர்ச், சலூன், பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாவற்றையும் காசோலையில் எழுதித் தர முடியாது.

நீர்மட்டம்:
அக்கா, மறுக்கவில்லை. ஆனால் வேறு வழி சொல்லுங்கள். கரை கட்டினால் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போகும். வீட்டை உயர்த்தலாம், வாரக்கணக்கில் படகில்தான் வீட்டுக்குப் போகவேண்டும். விலைக்கு வாங்கியது கடுமையான முடிவுதான், தப்பான முடிவு இல்லை.

நூஸ்கரை:
தப்பு என்று நான் சொல்லவில்லை. செலவை யார் தலையில் கட்டினோம் என்று சொல்கிறேன்.

கணக்கன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். வேலை இருந்திருந்தால் இடம் மாறியவர்கள் நன்றாக எழுந்திருப்பார்கள். வேலையைக் கொண்டுவருகிறோம் என்று 1990களில் குளோபல் டிரான்ஸ்பார்க் என்று ஆரம்பித்தார்கள். விமானத்தில் உதிரிப்பாகம் வரும், இங்கேயே பொருத்தி உலகம் முழுக்க அனுப்பலாம், பல்லாயிரம் பேருக்கு வேலை என்றார்கள். 11,500 அடி ஓடுபாதை போட்டார்கள். சொன்ன கூட்டம் வரவே இல்லை. 2010இல் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் வந்து ஏர்பஸ் ஏ350 விமானத்தின் உடற்பகுதியைச் செய்ய ஆரம்பித்தது. நல்ல வேலைதான். ஆனால் போனதற்கு அது ஈடு இல்லை. சாண்டர்சன் ஃபார்ம்ஸ் கோழி ஆலையும் வந்தது. அங்கே நின்று கோழி வெட்டுவது என்ன வேலை என்று செய்தவர்களைக் கேளுங்கள்.

ஆலை வேலையைத் தங்கமாகவும் பார்க்க வேண்டாம். 2003 ஜனவரியில் வெஸ்ட் மருந்துச் சாதன ஆலையில் பொய்க்கூரைக்கு மேல் படிந்திருந்த பாலிஎத்திலீன் தூள் வெடித்து 6 பேர் இறந்தார்கள்.

வழிப்போக்கன்:
சரி கணக்கரே, உங்கள் எண்ணிக்கையை ஒப்புக்கொள்கிறேன். “உணவகத்தால் எழுந்தது” என்று நான் எழுதியது மிகைதான். ஆனால் ஊர் என்றால் மக்கள்தொகைப் பட்டியல் மட்டுமா? செட்ரிக் மேக்ஸ்வெல், ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ், ரெஜி புல்லக், பிராண்டன் இங்ராம் எல்லோரும் இந்த 20,000 பேர் ஊரிலிருந்து என்பிஏ கூடைப்பந்துக்குப் போனவர்கள். மேத்யூ வெள்ளம் வந்த அதே 2016இல்தான் என்பிஏ அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் இங்ராமை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தார்கள். இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

கணக்கன்:
‘ஊரை விட்டுப் போனவர்கள்’ கட்டத்தில்.

நூஸ்கரை:
😂 இது நல்ல அடி. ஆனாலும் கணக்கன், போனவர்களைச் சொல்லும்போது ஒன்று. பாடகர் ஜேம்ஸ் பிரவுன் மேடையில் “மேசியோ!” என்று கூப்பிடுவாரே, அந்த சாக்ஸபோன் மேசியோ பார்க்கர் இந்த ஊர்க்காரர், 1943இல் பிறந்தவர். தம்பி மெல்வின் டிரம்ஸ். இருவரும் 1964இல் அந்தக் குழுவில் சேர்ந்தார்கள். இசைப் பூங்கா ஒன்று இப்போது கடைத்தெருப் பக்கம் இருக்கிறது. டிவி பார்த்து வருகிறவர்கள் பீர் ஆலையோடு திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று. 1951 நவம்பர். ஆட்கின் உயர்நிலைப் பள்ளி, கறுப்பின மாணவர்களுக்கான பள்ளி. உடற்பயிற்சிக்கூடம் இல்லை, வசதி இல்லை. பெரியவர்களுக்குச் சொல்லாமல் மாணவர்களே திட்டம் போட்டார்கள். காலை ஒலிபெருக்கியில் ஒரு மாணவியின் சிவப்புக் கைப்பை காணவில்லை என்று அறிவிப்பு. அதுதான் சைகை. 700-க்கும் மேற்பட்டவர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். உடற்பயிற்சிக்கூடம் கிடைத்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்தது 1954இல்தான்.

வழிப்போக்கன்:
இது எனக்குத் தெரியவே தெரியாது. கடைத்தெருவில் எங்கேயும் கண்ணில் படவில்லை.

கணக்கன்:
அக்கா, ஒரு கேள்வி, குத்தலாக அல்ல. 2008இல் இதே ஊர் மக்கள் நகராட்சித் தேர்தலில் கட்சிப் பெயர் வேண்டாம் என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊர். ஆனால் 2009இல் மத்திய அரசின் நீதி அமைச்சகம் கூடாது என்றது. கட்சிப் பெயர் போனால் கறுப்பின வாக்காளர்கள் விரும்பும் வேட்பாளர்கள் தோற்பார்கள் என்று காரணம் சொன்னது. ஊர் கேட்டதை வாஷிங்டன் தடுத்தது. இது நியாயமா?

நூஸ்கரை:
நான் அங்கே இருந்தபோதும் இதைக் கேட்டால் ஒரே மேசையில் இரண்டு பதில் வரும். கறுப்பின மக்களின் ஓட்டைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் எதற்காக வந்தது என்று தெரிந்தவர்கள், மேலே ஒரு கண் இருக்கட்டும் என்பார்கள். “எங்களுக்கு யோசிக்கத் தெரியாதா” என்று கேட்கிறவர்களும் கறுப்பின மக்கள்தான். எதிர்ப்பை 2012இல் நீதி அமைச்சகமே திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம், தேர்தல் விதியை மாற்றும் முன் வாஷிங்டனிடம் கேட்க வேண்டும் என்ற அந்த முன்-அனுமதி முறையையே செயலிழக்கச் செய்துவிட்டது. எனக்கு இரண்டு பக்கமும் பாதிப் பாதி சம்மதம். வாக்குரிமை இல்லாத செவிலியர் கருத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

நீர்மட்டம்:
அரசியலுக்குப் போனால் இந்த இணைய விவாதம் பூட்டப்படும். ஆற்றுக்கு வாருங்கள். 70ஆம் சாலையை இன்டர்ஸ்டேட் 42 என்ற விரைவுச்சாலையாக மாற்றும் திட்டத்தில் கின்ஸ்டனுக்குப் புறவழிச்சாலை இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கும் இப்போதைய சாலையைத் தவிர்க்க அது தேவை. ஆனால் வந்தபின் வழிப்போக்கன் சாரின் பிள்ளைகளுக்குப் பசி வந்தாலும் வண்டி உள்ளே திரும்பாது.

வழிப்போக்கன்:
நான் திருப்புவேன். அடுத்த மாதம் மறுபடி போகிறோம். அக்கா, அந்த லிங்கன் சிட்டி தெருக்களுக்குள் வண்டி போகுமா?

நூஸ்கரை:
போகும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடங்கள். புல்லுக்கு நடுவே சில இடத்தில் சிமென்ட் வாசல்படி மட்டும் தனியாக நிற்கும். பிள்ளைகள் அதில் ஏறி விளையாடினால் தடுக்காதீர்கள்.