அவசரத் திருமுழுக்கு: மீட்புக்குக் கட்டாயமா? கொடுப்பது எப்படி?

வார்டு மறைப்பணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மகப்பேறு வார்டிலும் என்.ஐ.சி.யு.விலும் (பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) வேலை பார்க்கும் கத்தோலிக்க நர்சுகளுக்காக ஒரு பக்கத் துண்டுத்தாள் தயாராகிறது. சாமியார் வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விடும் என்ற நிலையில் என்ன செய்வது என்பதுதான் பொருள். எழுத உட்கார்ந்ததும் அடிப்படையிலேயே இடிக்கிறது. தண்ணீராலும் ஆவியாலும் பிறவாதவர் இறையாட்சிக்குள் நுழைய முடியாது என்கிறது யோவான் 3:5. சிலுவையில் தொங்கிய கள்வனோ திருமுழுக்கு (ஞானஸ்நானம்) இல்லாமலே அன்றைக்கே பேரின்ப வீட்டுக்குப் போகிறான் (லூக்கா 23:43). அப்படியானால் கட்டாயமா, இல்லையா? கொடுத்தால் எது செல்லும், எது செல்லாது? எல்லாச் சபைத் தாய்மாரும் வார்டில் இருப்பதால் மற்றவர்கள் நிலைப்பாடும் வேண்டும்.

உபதேசியார்

கட்டாயம்தான். ஆனால் அந்தக் கட்டாயம் நமக்கு, கடவுளுக்கு அல்ல. கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 1257ஆம் எண் இதைத்தான் சொல்கிறது: மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்தவர் கடவுள், ஆனால் அருளடையாளங்கள் (திருமுழுக்கு போன்ற திருச்சபையின் புனிதச் சடங்குகள்) அவரைக் கட்டிப்போடுவதில்லை. திருச்சபைச் சட்டம் 849ம் 'திருமுழுக்கை உண்மையாகவோ, குறைந்தது விருப்பத்தாலோ' பெறுவது மீட்புக்குத் தேவை என்றே எழுதியிருக்கிறது. இந்த 'விருப்பத்தாலோ' நேற்றுச் சேர்த்த சமாதானம் இல்லை. 392இல் ரோமைப் பேரரசர் இரண்டாம் வாலன்டீனியன் திருமுழுக்குக் கேட்டு, பெறுவதற்குள் இறந்துபோனார். அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது என்று இரங்கல் உரையிலேயே சொன்னார் மிலான் ஆயர் புனித அம்புரோஸ். 1547இல் திரிதெந்தீன் சங்கமும் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) திருமுழுக்கு விருப்பப்பட்டால் பெறலாம், இல்லாவிட்டால் விடலாம் என்பதை மறுத்தது. அதே ஆண்டில் 'அல்லது அதற்கான ஆசை' என்ற சொல்லையும் வைத்தது.

பச்சைக் குழந்தையால் ஆசைப்பட முடியாது. அதனால்தான் உயிருக்கு ஆபத்து என்றால் காலம் தாழ்த்தாமல் கொடு என்கிறது சட்டம் 867.

இனி செய்முறை. சரியான எண்ணம் உள்ள யாரும் கொடுக்கலாம், திருமுழுக்குப் பெறாத இந்து நர்ஸ்கூட. திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் போதும். தண்ணீர் உண்மையான தண்ணீராக இருக்க வேண்டும். மந்திரித்த தண்ணீர் தேவையில்லை. ஊசி மருந்து கலக்கும் ஸ்டெரைல் வாட்டர் தாராளமாகச் செல்லும். குறைமாதக் குழந்தைக்கு உடல் சூடு இறங்குவது ஆபத்து, ஆகவே வெதுவெதுப்பான நீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, நெற்றியில் மும்முறை சில சொட்டுகள் விட்டு உடனே ஒற்றி எடுங்கள். நீர் தோலில் பட்டு ஓட வேண்டும். தலைமுடியில் மட்டும் பட்டால் ஐயம் வரும். ஈரப் பஞ்சால் துடைத்தாலும் அப்படியே.

ஊற்றும்போதே, ஊற்றுகிறவரே சொல்ல வேண்டியது: "(பெயர்), தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." பெயர் வைக்காத குழந்தையானாலும் செல்லும்.

அதிகம் நடக்கும் தவறுகள் இவை. பாட்டி ஜெபம் சொல்ல நர்ஸ் தண்ணீர் ஊற்றுவது: செல்லாது. 'நான்' என்பதற்குப் பதில் 'நாங்கள்' என்பது: செல்லாது என்று 2020இல் ரோமையே அறிவித்துவிட்டது. எண்ணெய், பால், சானிடைசர்: எதுவும் செல்லாது.

பிறகு தேதி, நேரம், பெற்றோர் பெயர், கொடுத்தவர் பெயர், கூட இருந்த ஒரு சாட்சியின் பெயர் எல்லாம் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். இதை விட்டால் அந்தப் பிள்ளையின் முதல் நற்கருணைக்கோ திருமணத்துக்கோ சான்றிதழ் கேட்கும்போது திண்டாட்டம். குழந்தை பிழைத்தால் கோவிலில் எண்ணெய் பூசுதல், வெண்ணாடை, மெழுகுதிரி ஆகிய சடங்குகள் நடக்கும். தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றக்கூடாது.

ஒன்றைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள். மரண ஆபத்தில் பெற்றோர் விருப்பத்துக்கு எதிராகக் கொடுத்தாலும் அது முறையானதே என்கிறது சட்டம் 868. அதைப் பிடித்துக்கொண்டு பிற மதத்தாரின் குழந்தைக்கு யாரும் ரகசியமாகச் செய்ய வேண்டாம். அந்தத் தாயின் நம்பிக்கையைக் குலைக்கும் செயல் அது. கேட்டுச் செய்யுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

லூத்தரன் வாசகர்

உபதேசியார் ஐயா சொன்ன செய்முறை எங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். 1530 அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 9ஆம் பிரிவு, ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியம், பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் வேலை செய்வது வெறும் தண்ணீர் அல்ல, தண்ணீரோடு சேர்ந்த தேவ வசனமும் அதைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமும். கரு கலைந்துபோன தாய்மாருக்காக லூத்தர் 1542இல் எழுதிய ஆறுதல் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். சொல்ல முடியாமல் அந்தத் தாய் விட்ட பெருமூச்சையே ஜெபமாகத் தேவன் கேட்கிறார் என்கிறார்.

சீர்திருத்த மரபின் தலைவர் கால்வின் வழி வேறு. குழந்தை பிறக்கும் முன்பே தேவன் அதைத் தம் பிள்ளையாகக் கொள்கிறார், ஆகவே மருத்துவச்சிகள் அவசரமாகக் கொடுக்கவே வேண்டாம் என்றார். 1947இல் ஒன்றான சி.எஸ்.ஐ.க்குள் (தென்னிந்தியத் திருச்சபை) பல மரபுகள் கலந்திருக்கின்றன. அந்தத் தாயிடமே கேளுங்கள், முடிந்தால் அவர்களுடைய ஐயருக்கு (சபைப் போதகருக்கு) போன் போடுங்கள்.

முழுக்கு விசுவாசி

ஸ்தோத்திரம். எங்கள் சபைகளில் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது, ஆகவே பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் தாயின் குழந்தைக்குத் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பாஸ்டரை அழைத்து ஜெபித்துப் பிரதிஷ்டை பண்ணினால் போதும். கொர்நேலியு வீட்டார் பரிசுத்த ஆவியைப் பெற்றது முதலில், தண்ணீர் ஸ்நானம் எடுத்தது பிறகு (அப்போஸ்தலர் 10:44-48). முழுக்கு இரட்சிப்பைக் கொண்டுவருவதில்லை, இரட்சிக்கப்பட்டவன் கீழ்ப்படிகிறான். மாற்கு 16:16ஐக் காட்டுவார்கள். அதன் பின்பாதியில் ஆக்கினைக்குள்ளாவது 'விசுவாசியாதவன்'. ஞானஸ்நானம் பெறாதவன் என்று இல்லை. சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் 16:9 முதல் உள்ள பகுதியே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒரு விதிவிலக்கு: 'இயேசுவின் நாமத்தில்' மட்டும் கொடுக்கும் ஒருத்துவக் கூட்டத்தார் (திரித்துவத்தை ஏற்காத பெந்தெகொஸ்தேயினர்) பலர், அப்போஸ்தலர் 2:38ஐ வைத்து, முழுக்கு இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்றே போதிக்கிறார்கள்.

வார்டு மறைப்பணி

மூவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. இறந்தே பிறந்த குழந்தைக்குக் கொடுக்கலாமா? கொடுக்காமல் போய்விட்டதே என்று அழும் தாயிடம் என்ன சொல்வது?

உபதேசியார்

இறந்தவருக்கு எந்த அருளடையாளமும் கிடையாது. உயிர் இருக்கிறதா என்று உண்மையிலேயே ஐயம் இருந்தால் மட்டும் 'நீ உயிரோடு இருந்தால்' என்று சேர்த்துக் கொடுங்கள். தாயின் மனத்தைத் தேற்றுவதற்காகச் செய்வது போல நடிக்க வேண்டாம், சிஸ்டர். பின்னால் தெரியவந்தால் அந்தத் தாய் இரண்டாம் முறை உடைந்துபோவார்.

லிம்போ (திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் விண்ணகம் சேராமல் தங்கும் இடம் என்ற பழைய கருத்து) என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. மறைக்கல்வி ஏடு 1261 இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அவர்கள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்கக் காரணம் உண்டு என்றது. உறுதியான அறிவு என்று சொல்லவில்லை, எதிர்நோக்கு என்றது. தாயிடமும் அந்த அளவிலேயே சொல்லுங்கள்.

அடக்கம் பற்றியும் தாளில் ஒரு வரி வேண்டும். திருமுழுக்கு கொடுக்கப் பெற்றோர் நினைத்திருந்து, அதற்குள் இறந்த குழந்தைக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை அனுமதிக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு: சட்டம் 1183, பிரிவு 2. கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று கோவில் கமிட்டி யாராவது சொன்னால், பங்குத்தந்தையிடம் இந்த எண்ணைச் சொல்லி, ஆயரின் அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.