ஸ்லாலோமுக்கு ஒரு சொல்: 'நெளிசறுக்கு' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். பனிச்சறுக்கு (ஸ்கீயிங்) போட்டிப் பிரிவுகளுக்கு இந்தக் குழுவில் ஐயா முன்மொழிந்த சொற்கள் இவை:

> ஸ்லாலோம் – நெளிசறுக்கு
> ஜயன்ட் ஸ்லாலோம் – பெருநெளிசறுக்கு
> டவுன்ஹில் – நேர்ச்சறுக்கு

ஐயாவின் 'நெளி' அருமை. கம்பங்களுக்கிடையே நெளிந்து நெளிந்து இறங்குவதுதானே ஆட்டம். இடிப்பது 'சறுக்கு'. விளையாட்டின் பொதுப்பெயராகப் பனிச்சறுக்கு நிலைத்துவிட்டது, அதை அசைக்க வேண்டாம் (ஸ்கேட்டிங்கையும் நாளிதழ்கள் அதே பெயரில் எழுதுவது தனிக் கூத்து). உட்பிரிவுகளுக்கும் அதையே ஒட்டினால் என்ன ஆகும் என்று, இங்கமார் ஸ்டென்மார்க்கைப் பற்றி எழுதிப் பார்த்தேன்:

"1976, 77, 78 ஆகிய மூன்றாண்டும் உலகக்கோப்பை ஒட்டுமொத்தப் பட்டம் வென்ற சுவீடன் வீரர், அடுத்த பருவத்தில் பெருநெளிசறுக்குப் போட்டிகள் பத்திலும் வென்றும், பட்டியலில் ஐந்தாமிடத்துக்குச் சறுக்கினார்."

யானைக்கும் அடி சறுக்கும் மொழியில் இந்த வாக்கியம் தேறாது. உண்மையில் நடந்தது வேறு: புள்ளி விதியை மாற்றி, ஒரு பிரிவில் இத்தனை முடிவுகளே கணக்கில் சேரும் என்று வரம்பு கட்டினார்கள். இரண்டே பிரிவுகளில் ஆடியவருக்கு அது பேரிடி. அவர் ஆட்டத்தில் பிழையில்லை.

இன்னொன்று. திருப்பத்தில் பலகை பக்கவாட்டில் வழுக்கினால் பனித்தூள் பறக்கும், நேரமும் போகும். ஸ்டென்மார்க் பலகையின் விளிம்பைப் பனியில் பதித்து, மேலுடலை அசைக்காமல் முழங்காலாலேயே திரும்புவார். சறுக்காததுதான் அவர் கலை!

என் பரிந்துரை: நெளியோட்டம், பெருநெளியோட்டம். டவுன்ஹில்லுக்கு விரையிறக்கம். அதிலும் வளைவுகளும் தாவல்களும் உண்டென்பதால் 'நேர்' பொருந்தாது.

---

> நெளியோட்டம், பெருநெளியோட்டம்

'சறுக்கினார்' வாக்கியத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 'ஓட்டம்' என்றதும் கால்தானே நினைவுக்கு வருகிறது? இரண்டு முறை இறங்கி நேரத்தைக் கூட்டுகிறார்களே, அந்த ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர்?

---

தேரோட்டம், நீரோட்டம், குருதியோட்டம் எதிலும் கால் இல்லையே ஐயா. ஒவ்வொரு இறக்கத்துக்கும் 'சுற்று' போதும். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ஸ்டென்மார்க்கை வைத்துப் பாருங்கள்: "பெருநெளியோட்டத்தில் முதற்சுற்று முடிவில் மூன்றாமிடம், நெளியோட்டத்தில் நான்காமிடம். இரண்டாம் சுற்றில் எழும்பி இரண்டிலும் தங்கம்." முந்தைய ஆண்டுதான் விரையிறக்கப் பயிற்சியில் விழுந்து மோசமாக அடிபட்டிருந்தார். 1984 சரயேவோவில் தொழில்முறை உரிமம் காரணமாக அவருக்கு இடமில்லாமல் போனது.

மூன்று சொல்லும் ஒரே வரியில்: "86 உலகக்கோப்பை வெற்றிகள்: பெருநெளியோட்டத்தில் 46, நெளியோட்டத்தில் 40, விரையிறக்கத்தில் ஒன்றுமில்லை." இந்த எண்ணிக்கையை அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் கடந்தது 2023 மார்ச் 11 அன்று, அதுவும் சுவீடனிலேயே, ஒரு நெளியோட்டத்தில். அவர் விரையிறக்கத்திலும் வென்றவர். பிரிவுக்கொரு தெளிவான பெயர் இல்லாமல் இந்த இருவரையும் ஒப்பிடவே முடியாது.

மிஞ்சுவது சூப்பர்-ஜி, அதாவது சூப்பர் ஜயன்ட் ஸ்லாலோம். 'மீப்பெருநெளியோட்டம்' என்று வைத்தால், வர்ணனையாளர் சொல்லி முடிப்பதற்குள் வீரர் அடிவாரம் சேர்ந்துவிடுவார். இப்போதைக்கு சூப்பர்-ஜி என்றே இருக்கட்டும்.